திருவிழாக் காலத்து அறை வாடகையும் நம் மனச்சாட்சியும்



ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் பங்கு வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சுத்தான். "இந்த வருஷம் வேளாங்கண்ணிக்கு எப்போது புறப்படுவது? எதிலே போவது? போனால் எங்கே தங்குவது?" என்பதே அந்தப் பேச்சு. போவதற்கு வழிகள் பல உண்டு. காவி உடுத்தி, மாதாவின் சுரூபத்தைச் சிறு தேரில் வைத்து இழுத்துக்கொண்டு, முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை நடந்தே கடக்கும் வாலிபர்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களில் பலர் உங்கள் பிள்ளைகளே. நடக்க இயலாதவர்களுக்குப் பஸ் உண்டு. 2010ம் ஆண்டு முதல் நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் இருப்புப்பாதையும் உண்டு. ஆனால் மூன்றாவது கேள்விக்கு மாத்திரம் எளிதில் விடை கிடைப்பதில்லை. ஆகஸ்டு 29ந் தேதி கொடியேறியது முதல், செப்டம்பர் 8ந் தேதி தேவமாதா பிறந்த திருநாள் வரைக்கும், அந்தச் சிறிய கடற்கரை ஊர் இலட்சக்கணக்கான ஜனங்களைத் தாங்க வேண்டியிருக்கிறது. 1962ம் ஆண்டில் பரிசுத்த பாப்பரசர் 23ம் அருளப்பர் அந்தக் கோவிலைப் பசிலிக்காவாக உயர்த்தினார். அதற்கு முன்னும் கூட்டம் வந்தது. பின்பு அது பெருகியது. கோவிலார் கட்டியிருக்கும் விடுதிகளும், ஊரார் கட்டியிருக்கும் லாட்ஜுகளும் எத்தனை இருந்தாலும், அந்தப் பதினொரு நாளைக்கு அவை போதுமானவை அல்ல.

இந்த வாரம் நாம் சிந்திக்கப் போவது யாத்திரையின் ஞானப் பலன்களைப் பற்றியன்று. அதைக் கொடியேற்றத்திற்கு முந்திய ஞாயிறு பிரசங்கத்தில் சொல்வோம். இப்போது சிந்திக்க வேண்டியது அந்த அறையைப் பற்றித்தான். ஓர் அறையின் வாடகையில் என்ன வேதசாஸ்திரம் இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை எனக்கு நினைப்பூட்டியவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் கேட்கவில்லை. கோவில் முற்றத்தில் கேட்டேன். எழுதுவதற்கு அவர் அனுமதியும் கொடுத்திருக்கிறார்.

சென்ற திருவிழா முடிந்த மறு ஞாயிறு பூசைக்குப் பின் அவர் என்னிடம் வந்தார். கடைசிப் பிள்ளை நெடுநாள் காய்ச்சலிலிருந்து எழுந்ததற்காக ஒரு நேர்ச்சை இருந்ததாம். கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். ஒரு மாதத்துக்கு முன்பே கைப்பேசியில் பேசி, ஓர் இரவுக்கு 2,000 ரூபாய் என்று ஓர் அறையைத் தீர்மானித்து, 1,500 ரூபாய் அட்வான்சும் அனுப்பியிருந்தார். 7ந் தேதி மாலை, மாமியாரையும் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் இறங்கினால், மேசையில் உட்கார்ந்திருந்தவர், "உங்கள் ரூம் இல்லை. வேறு ரூம் ஒன்று இருக்கிறது, ஆறாயிரம்" என்றாராம். அட்வான்சை எண்ணித் திருப்பிக் கொடுத்தும் விட்டார். இவர்களிடம் ஆறாயிரம் இல்லை. கடற்கரை மணலில் பாயை விரித்தார்கள். நடு இரவுக்குப் பின் மழை வந்தது. முழங்கால் வலியுள்ள கிழவி, தேறி வருகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பூட்டிய கடை ஒன்றின் கூரைக்கடியில் விடியுமட்டும் நின்றாள்.

"சாமி, அவர் காசை ஒரு பைசா குறையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படியானால் அவர் செய்தது பாவமா, இல்லையா? என் வீட்டுக்காரர், 'இதிலே பாவம் ஏது, வியாபாரம்' என்கிறார்" என்று அந்தத் தாய் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லலாகாது. கோபத்தோடு சொல்லும் பதில் அநேகமாய்ப் பாதி உண்மையாகவே இருக்கும்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிக்கொள்வோம். இடங்கிடையாத கதை என்றவுடன் நமக்குப் பெத்லெகேம் ஞாபகம் வருகிறது. கிறிஸ்மஸ் நாடகங்களில் நம் பிள்ளைகள் ஒரு சத்திரக்காரனை மேடையேற்றி, அவன் சூசையப்பரையும் நிறைமாதத்துக் கன்னிமரியாளையும் விரட்டியடிப்பதாக நடிக்கிறார்கள். ஆனால் அர்ச். லூக்காஸ் எழுதிய சுவிசேஷத்தைத் திறந்து பாருங்கள். அங்கே சத்திரக்காரன் எவனும் கிடையாது. தங்கும் இடத்தில் அவர்களுக்கு இடமில்லை என்று மாத்திரமே இருக்கிறது. அந்த இடத்துக்குச் சுவிசேஷகர் வழங்கும் கிரேக்கச் சொல் வீட்டின் விருந்தினர் அறையையும் குறிக்கும். இராப்போசனம் நடந்த அறைக்கும் அதே சொல்லைத்தான் வழங்குகிறார். குடிமதிப்புக்காக வந்த ஜனங்களால் இடம் நிறைந்திருந்தது. யாரும் விலையேற்றியதாக வேதம் சொல்லவில்லை. சத்தியத்தைப் போதிக்கிற நாம் இல்லாத சத்திரக்காரன்மேல் இல்லாத குற்றத்தைச் சுமத்தலாகாது. இடம் இல்லாதது வேறு. இடம் இருந்தும் இல்லை என்பது வேறு. முந்தியது கஷ்டம், பிந்தியதே அநீதி.

ஆனால் அதே சுவிசேஷத்தில், பத்தாம் அதிகாரத்தில், உண்மையாகவே ஒரு சத்திரக்காரன் வருகிறான். கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைச் சமாரியன் தூக்கிக்கொண்டுபோய் ஒப்புவித்தது அவனிடந்தான். சமாரியன் கொடுத்தது இரண்டு தெனாரியுக் காசு, அதாவது இரண்டு நாள் கூலி. மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்கும் கொடுத்தான். சத்திரக்காரன் என்ன செய்தான்? இரத்தம் வடியும் ஒருவனை, அந்நியன் ஒருவனுடைய வாய்ச்சொல்லை நம்பி, உள்ளே ஏற்றுக்கொண்டான். அவன் இலவசமாய்ச் செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள். நமதாண்டவர் அவன் காசு வாங்கியதைக் கண்டிக்கவில்லை. ஆகவே அறைக்கு வாடகை வாங்குவது குற்றமன்று. அது யோக்கியமான தொழில். நம் உவமையின் சமாரியனுக்கு அப்படிப்பட்ட ஒருவன் தேவையாகவும் இருந்தான்.

இப்போது கேள்விக்கு வருவோம். வருஷத்தில் மற்ற நாட்களில் 800 ரூபாய்க்கு விடும் அறையைத் திருவிழாவில் 2,000 ரூபாய்க்கு விடுவது பாவமா?

13ம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், சும்மா தெயோலோஜிக்கா என்னும் தமது பெருநூலில், கொள்வனை விற்பனையைப் பற்றிய 77ம் வினாவில் இதற்கு ஒரு விதியைத் தந்திருக்கிறார். அதன் கருத்து இதுதான். ஒரு பொருளைக் கொடுத்துவிடுவதால் விற்பவனுக்கு விசேஷமான நஷ்டமோ வருத்தமோ உண்டாகுமானால், அந்த நஷ்டத்தையும் சேர்த்து அவன் விலை கேட்கலாம். ஆனால் விற்பவனுக்கு எந்த நஷ்டமும் இல்லாமல், வாங்குகிறவனுக்கு மாத்திரம் அந்தப் பொருள் மிகவும் அவசியமாயிருக்குமானால், அந்த அவசியத்தைக் காரணமாக வைத்து விலையை உயர்த்தலாகாது. ஏன்? அந்த அவசியம் வாங்குகிறவனுடையது, விற்பவனுடையதன்று. தன்னுடையதல்லாததை ஒருவன் எப்படி விற்கலாம்?

இந்த நியாயத்தை நன்றாக மனதில் வையுங்கள். உன் அறை உன்னுடையது. அதை நீ விற்கலாம். உன் உழைப்பு உன்னுடையது, அதையும் விற்கலாம். ஆனால் மழையில் நிற்கும் கிழவியின் முழங்கால் வலி உன்னுடையதன்று. பிள்ளையின் இருமல் உன்னுடையதன்று. அவற்றுக்கு விலை வாங்கினால், நீ பிறர் பொருளை விற்றவனாகிறாய்.

இந்த விதியின்படி பார்த்தால், திருவிழா வாடகை கூடுவது எல்லாமே அநியாயமென்று சொல்ல முடியாது. அந்த ஊரில் லாட்ஜ் வைத்திருப்பவனுக்கும் பெண்டு பிள்ளைகள் உண்டு. மழைக்காலத்தில் அவன் அறைகள் மாதக்கணக்கில் காலியாய்க் கிடக்கின்றன. வங்கிக் கடனும் வேலையாள் சம்பளமும் அப்போதும் நிற்பதில்லை. திருவிழாவில் தண்ணீர் லாரிக்குக் கூடக் கொடுக்க வேண்டும். இரவு பகல் ஆள் போட வேண்டும். நாலு பேர் அறையில் பத்துப் பேர் தங்கி உடைத்துப் போவதைச் சரிசெய்ய வேண்டும். இவையெல்லாம் அவனுடைய உண்மையான செலவும் வருத்தமும் ஆகும்.

நம் காசிமேட்டு உதாரணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகலாகாது. அந்தக் காலத்தில் மீன் விலை ஏறுகிறது. சிறு படகில் போய் நாலு கூடை மீனோடு கரையேறுகிறவன் அதை ஏலத்தில் நல்ல விலைக்கு விற்றால், அவனைப் பாவி என்று நான் சொல்வேனா? மாட்டேன். ஏலம் பலர் முன்னிலையில் நடக்கிறது. விலையைத் தனியொருவன் தீர்மானிக்கவில்லை. வாங்குகிறவன் வேண்டாமென்று போய்க் கருவாட்டுக் குழம்பு வைக்கலாம். 16ம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துச் சலமாங்கா சர்வகலாசாலையில் போதித்த பிராஞ்சிஸ்கு விற்றோரியா முதலிய சாஸ்திரிகள் இதையே விளக்கினார்கள். வஞ்சகமும் ஏகபோகமும் இல்லாத சந்தையில், ஜனங்களின் பொதுவான மதிப்பினால் ஏற்படும் விலை நீதியான விலை. அது சரக்கின் அருமைக்குத் தக்கபடி ஏறி இறங்கும் என்பது அவர்கள் போதனை.

ஆகையால் வேறுபாடு எங்கே இருக்கிறது? பொதுவான அருமை ஒன்று. தனியொருவனுடைய இக்கட்டு மற்றொன்று. "திருவிழா நாட்களில் இந்த அறை இவ்வளவு" என்று முன்னதாகவே எழுதிப் போட்டு, கார்க்காரனுக்கும் கால்நடைக்காரனுக்கும் ஒரே விலை சொல்லுகிறவன், விலை மிதமானதாயிருக்கும் வரையில், நீதியைக் கடந்தவன் ஆகான். வந்து நிற்பவன் முகத்தைப் பார்த்து, மூட்டையைப் பார்த்து, மழை இருட்டைப் பார்த்து, அழுகிற பிள்ளையைப் பார்த்து விலை சொல்லுகிறவன் ஏலக்காரன் அல்லன். அவன் கழுத்தைப் பிடிக்கிறவன்.

இங்கே ஒரு கெட்டிக்காரர் எழுந்து ஆட்சேபம் சொல்வார். "சாமி, விலை ஏறினால்தானே அவசியமுள்ளவனுக்கு அறை கிடைக்கும்? விலை மலிவாயிருந்தால் முந்தி வந்தவனெல்லாம் பிடித்துக்கொள்வான். விலை ஏறுகிறதென்று கண்டால் ஊரார் தங்கள் வீட்டுத் திண்ணையையும் மாடியையும் திறந்து விடுவார்களே, அதனால் இடமும் பெருகுமே" என்பார். இதில் உண்மை உண்டு. வீட்டைத் திறந்துவிடுகிறவன் நாலு காசு சம்பாதிப்பது அவன் சிரமத்துக்குக் கூலி. விலை மலிவாயிருக்கும் இடத்தில் புரோக்கர் நுழைந்து, பத்து அறையைத் தன் பெயரில் பிடித்து, வாசலில் நின்று இரட்டை விலைக்கு விற்பதும் உண்டு. ஆனால் அந்தக் கெட்டிக்காரர் ஒன்றை மறந்துவிட்டார். உயர்ந்த விலை யாரிடம் அதிகப் பணம் இருக்கிறதென்று கண்டுபிடிக்கும். யாருக்கு அதிக அவசியம் இருக்கிறதென்று கண்டுபிடிக்காது. ஆறாயிரம் ரூபாய் கொடுத்து அன்றிரவு அந்த அறையில் உறங்கியவர்களுக்கு முழங்கால் வலி இருந்ததா, எனக்குத் தெரியாது. மேசையில் இருந்தவருக்கும் தெரியாது. அவர் கேட்கவுமில்லை.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு நேர்ப் பதில். அட்வான்சைத் திருப்பிக் கொடுத்தபடியால் குற்றம் நீங்கிவிட்டதா? நீங்கவில்லை. இது விலையைப் பற்றிய வழக்கே அன்று, வாக்கைப் பற்றியது. 2,000 ரூபாய்க்குச் சம்மதித்து முன்பணம் வாங்கியபோது, அன்றிரவுக்கு அந்த அறை அவர்களுக்குரியதாகிவிட்டது. அவர் ஆறாயிரத்துக்கு விற்றது பிறருடைய அறை. திருப்பிக் கொடுத்ததோ 1,500 ரூபாய் காகிதம் மாத்திரமே. ஒரு மாதத்துக்கு முன் வேறிடம் தேடிக்கொண்டிருக்கக்கூடிய சந்தர்ப்பத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை; இரவின் நித்திரையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நீதிக்கு விரோதமான குற்றத்துக்கு மனஸ்தாபம் மட்டும் போதாது, ஈடு செய்யவும் வேண்டும் என்று நம் ஞானோபதேசம் போதிக்கிறது. ஆகையால் அம்மா, உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள்: அது வியாபாரமன்று. வியாபாரமென்பது வாக்கில் நிற்கிறது.

இப்படிச் சொன்னதைக் கேட்டு நமக்குள் ஒரு திருப்தி உண்டாகிறது, இல்லையா? தப்பெல்லாம் அந்த ஊர்க்காரன்மேல் போயிற்று. சற்றுப் பொறுங்கள். தங்கப் போகிறவர்களுக்கும் ஒரு ஆத்தும சோதனை உண்டு.

மூன்று இடத்தில் அறை சொல்லி வைத்து, ஒன்றில் தங்கி, மற்ற இரண்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிடுகிறவன் நம்மில் இல்லையா? அந்த இரண்டு அறைகளும் பூட்டிக் கிடக்க, வெளியே எந்தக் கிழவி நின்றாளோ? நாலு பேர் என்று சொல்லி, இருட்டின பின் பன்னிரண்டு பேரை மாடிப்படி வழியாய் ஏற்றுகிறவன் இல்லையா? மாதாவுக்குத் தலைமுடியைக் காணிக்கை கொடுத்துவிட்டு, லாட்ஜின் துண்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறவன் இல்லையா? நவம்பர் மாதத்து அடைமழையில் ஒருவரும் வராத நாளில் போய், "உன் அறை சும்மாதானே கிடக்கிறது" என்று அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவன் இல்லையா? அர்ச். தோமாஸின் விதி இரண்டு பக்கமும் வெட்டும். வாங்குகிறவனுடைய இக்கட்டை விற்பவன் விலைபேசலாகாது என்றால், விற்பவனுடைய இக்கட்டை வாங்குகிறவனும் விலைபேசலாகாது.

திருவிழாவோடு இது முடிவதுமில்லை. மே மாதத்தில் பிள்ளைகளின் விடுமுறைக்கு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே வண்டிகளின் நெருக்கம் மிகுந்ததனால், உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024ம் ஆண்டு மே 7ந் தேதி முதல் இ-பாஸ் முறை வந்தது உங்களுக்குத் தெரியும். இடம் குறைவாகவும் ஆசை அதிகமாகவும் உள்ள எந்த ஊரிலும் மனுஷர் மனச்சாட்சி சோதிக்கப்படுகிறது.

இனி அந்தத் தாய் குரலைத் தாழ்த்திச் சொன்னதைச் சொல்கிறேன். "சாமி, என் வீட்டுக்காரர் இன்னும் ஒன்று சொன்னார். 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு நாமும் மாடி ரூமை விடுகிறோம். அவசரத்தைப் பார்த்து வாங்குகிறோம். அதுபோல இதுவும்' என்றார்."

அன்பர்களே, இதுதான் நமக்குரிய இடம். வேளாங்கண்ணியில் நாம் வருஷத்தில் ஒரு நாள் விருந்தாளிகள்; இங்கேயோ மற்ற நாளெல்லாம் வீட்டுக்காரர்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு எத்தனை ஊர்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள்! ஆபரேஷனுக்குப் படுத்திருக்கும் மனிதனின் மனைவி ஒரு வாரம் தலைசாய்க்க ஓரிடம் தேடுகிறாள். அது அவளுக்கு விடுமுறையன்று. ஆனால் சீசன் வாடகை மாத்திரம் அவளுக்கு உண்டு. எண்ணூரிலும் மணலியிலும் வேலைக்கு வந்த பீகார், ஒடிசா வாலிபர்கள் எட்டுப் பேர் ஓர் அறையில் தலைக்கு இவ்வளவென்று கொடுக்கிறார்கள். பாஷை தெரியாதவனுக்கு ஒரு விலை, தெரிந்தவனுக்கு ஒரு விலை. இந்த விலைகளில் எவ்வளவு நம் அறைக்கு, எவ்வளவு அவர்கள் இக்கட்டுக்கு? ஒவ்வொரு வீட்டுக்காரரும் தமக்குத் தாமே கணக்குப் பார்க்கட்டும்.

இந்த மண்ணின் பெயரே நமக்குச் சாட்சி. "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்று நம் பாட்டிமார் சொன்னது எதனால்? 1782ம் ஆண்டுப் பஞ்சத்தில் ஊரைவிட்டு ஓடிவந்த ஏழைகளுக்கு இங்கே கஞ்சி ஊற்றினார்கள். அதுவே மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. அந்தச் சத்திரத்திலிருந்து வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. அந்நியனுக்குக் கஞ்சியும் நிழலும் கொடுத்த இடத்தின் வாசலிலே, அந்நியனுடைய துயரத்துக்கு வாடகை வாங்குவது அழகாகுமோ?

வழிப்போக்கனுக்கு இடங்கொடுப்பது தமிழருக்குப் புதிதன்று. விருந்து என்ற சொல்லுக்கே பழந்தமிழில் புதுமை என்பது பொருள். புதிதாய் வந்தவனே விருந்து. திருவள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். இராணி மங்கம்மாள் மதுரையில் கட்டிய சத்திரமும், தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவர யாத்திரிகருக்காக ஒரத்தநாடு முதலிய இடங்களில் வைத்த சத்திரங்களும் இன்றும் பெயர் சொல்லி நிற்கின்றன. திருச்சபையிலும் அப்படியே. 6ம் நூற்றாண்டில் அர்ச். ஆசீர்வாதப்பர் தமது மடத்து ஒழுங்கின் 53ம் அதிகாரத்தில், வருகிற விருந்தினரையெல்லாம் கிறிஸ்துநாதரைப் போலவே ஏற்கவேண்டுமென்று விதித்தார். 1548ம் ஆண்டில் அர்ச். பிலிப் நேரியார் உரோமையில் ஒரு சபையை ஏற்படுத்தினார். 1550ம் ஆண்டு ஜுபிலிக்குத் திரள் திரளாய் வந்த ஏழை யாத்திரிகரை அந்தச் சபையார் வாடகை வீடுகளில் சேர்த்து, போஜனம் கொடுத்து, அவர்கள் பாதங்களைக் கழுவினார்கள். லூர்து நகரில் 1955ம் ஆண்டு முதல் அர்ச். இராயப்பர் பெயரால் ஓர் இல்லம் இருக்கிறது. ஏழை யாத்திரிகர் அங்கே தங்கி, தங்களால் இயன்றதைக் கொடுத்துப் போகலாம். நம் இராயபுரத்துக் கோவிலின் பாதுகாவலரும் அதே இராயப்பர்தான்.

நாமும் அந்நியராய்க் கதவைத் தட்டியவர்கள் என்பதை மறக்க வேண்டாம். 2004ம் ஆண்டு டிசம்பர் 26ந் தேதி, பண்டிகைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடல் எழும்பி வந்தபோது, வேளாங்கண்ணியில் யாத்திரிகர் அநேகர் மாண்டார்கள். நம் கரையில் குப்பத்து ஜனங்கள் வீடிழந்து நின்றார்கள். பத்தொன்பது வருஷம் கழித்து, 2023ம் ஆண்டு அதே டிசம்பர் 26ந் தேதி நள்ளிரவில், எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். அன்றிரவு கதவைத் திறந்தவன், "ஒரு தலைக்கு எவ்வளவு தருவாய்?" என்று கேட்டிருந்தால், நாம் அவனை என்னவென்று சொல்லியிருப்போம்?

ஆகையால் நான் உங்கள் முன் வைக்கும் விதிகள் சுருக்கமானவை. அறை விடுகிறவர்கள் விலையை முன்னதாக எழுதிப் போடுங்கள். யாருக்கும் ஒரே விலையாயிருக்கட்டும். வாக்குக் கொடுத்தபின் வேறொருவன் அதிகம் தருகிறானென்று மாற்றாதீர்கள். நியாயமான வாடகை வாங்கிய பின்னும் ஓர் ஏழைக்காகச் சற்றுக் குறைத்தால், அது நீதியைக் கடந்து பிறர் சிநேகமாகும். அறை தேடுகிறவர்கள் ஓர் இடம் மட்டும் சொல்லி வையுங்கள். போகாவிட்டால் உடனே தெரிவியுங்கள். எத்தனை பேரென்று மெய் சொல்லுங்கள். வந்தபோது இருந்தது போல் அறையை விட்டுப் போங்கள்.

நேர்ச்சை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. வட்டிக்குக் கடன் வாங்கித் திருவிழா நாளிலேயே போய்த்தான் ஆகவேண்டுமென்று மாதா கேட்கவில்லை. "வேளாங்கண்ணிக்கு வருகிறேன்" என்று மாத்திரம் நேர்ந்திருந்தால், தை மாதத்திலும் போகலாம், தவக்காலத்திலும் போகலாம். அப்போது அறையும் கிடைக்கும், கோவிலில் அமைதியும் கிடைக்கும். நாள் குறித்து நேர்ந்துவிட்டு இயலாமல் தவிக்கிறவர்கள் பங்குச் சுவாமியாரிடம் வாருங்கள். தக்க காரணமிருந்தால் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கத் திருச்சபைச் சட்டம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதே நாட்களில் பெசன்ட் நகர் ஆலயத்திலும் திருவிழா நடக்கிறது. அங்கே போய் இரவே வீடு திரும்பலாம்.

கடைசியாய், அந்தக் குடும்பத்தைப் பற்றி. கணவரும் ஒரு நாள் என்னிடம் வந்தார். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாமி, போன கார்த்திகையில் ஒரு அம்மாவிடம் ஐந்து நாளைக்குக் கூடுதலாய் வாங்கிவிட்டேன். அவர்கள் எந்த ஊரென்றுகூடக் கேட்கவில்லை. இப்போது எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?" என்றார். உரியவர் அகப்படாவிட்டால் அதை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டுமென்பது சாஸ்திரம் என்று சொன்னேன். அவர் கொடுத்தார். எவ்வளவென்று நான் கேட்கவில்லை.

இப்போது அவர்கள் வீட்டு மாடிப்படியில் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் ஒரே ஒரு தொகை எழுதியிருக்கிறது. மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் அதுவே.

ஆரோக்கிய மாதா உங்கள் யாத்திரையைக் காப்பாளாக. தங்கும் இடத்தில் இடங்கிடையாமல் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட அவளுடைய திருமகன், நம் கதவண்டை வந்து நிற்கும்போது நாம் அவரை விலை கேளாமல் அறிந்துகொள்ளும் வரப்பிரசாதத்தைத் தந்தருள்வாராக.

உங்கள் பங்குச் சுவாமியார்